எடைப் போர்வை: பெட்டியில் போட்டிருக்கும் கிலோ பாதிக் கதைதான்

எடைப் போர்வை என்பது, உடலை மெல்ல அழுத்தித் தூக்கத்துக்கு உதவும் என்று, பெரும்பாலும் உள்ளே சிறு மணிகளை நிரப்பித் தைத்த கனமான போர்வை. கடையில் அப்படி இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் 7 கிலோ என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றின் அளவு 120க்கு 180 சென்டிமீட்டர், மற்றது 150க்கு 200. போர்த்திப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். சிறியதில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.2 கிலோ இறங்குகிறது, பெரியதில் 2.3 கிலோதான். பெரியதில் பாதிக்கு மேல் எடை மெத்தையின் மேல் சும்மா கிடக்கும். 'வெயிட்டட் பிளாங்கெட்' வாங்கி ஏமாந்தவர்களில் பலர் சறுக்கியது இந்த இடத்தில்தான். எடையைப் பார்த்தார்கள், பரப்பைப் பார்க்கவில்லை.

உடல் எடையில் 10 சதவீதம் என்ற கணக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. இது பழக்கத்தில் வந்த தோராயம், மருத்துவ விதி இல்லை. தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ள மோசமில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஒற்றை ஆள் அளவுப் போர்வைக்குத்தான் பொருந்தும். கட்டில் முழுக்க விரியும் அளவை எடுத்துக்கொண்டு அதே 6 கிலோவைத் தேடினால், கடைசியில் சற்றுக் கனமான சாதாரணப் போர்வைதான் கையில் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பாருங்கள். 2.5க்குக் கீழே போனால் பெரும்பாலான பெரியவர்களுக்கு அழுத்தம் போதாது. 3.5ஐத் தாண்டினால், புரண்டு படுப்பவர்கள் இரவில் போர்வையோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். இரண்டு எடைகளுக்கு நடுவில் தடுமாறினால் குறைந்ததை எடுங்கள். பத்து நிமிடம் சுகமாக இருக்கும் கனம் ஐந்து மணி நேரத்தில் சுமையாகிவிடுவது சகஜம்.

அளவைப் பொறுத்தவரை, போர்வை உடலை மூடினால் போதும். மெத்தையின் ஓரம் தாண்டித் தொங்கக் கூடாது. தொங்கும் பகுதியின் எடை மீதியையும் இழுத்துக்கொண்டே போகும், விடியற்காலையில் போர்வை தரையில் கிடக்கும். இருவர் சேர்ந்து படுக்கும் கட்டிலுக்கு ஒரே பெரிய போர்வை வாங்குவது எங்கள் பார்வையில் தவறு. ஒருவருக்குப் பிடித்த எடை மற்றவருக்குப் பிடிக்காது. ஒருவர் புரளும்போது இன்னொருவர்மேல் இருக்கும் மணிகளும் நகரும். தனித்தனியாக இரண்டு சிறிய போர்வைகள் வாங்கினால் துவைப்பதும் சுலபம்.

அடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்பது. பரவலாகக் கிடைப்பவை இரண்டு: ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் கண்ணாடி மணிகள், அரிசியைவிடப் பெரிய பிளாஸ்டிக் குண்டுகள். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்குக்கு 0.9 கிராம். அதே எடைக்குப் பிளாஸ்டிக் இரண்டரை மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் போர்வை தடிக்கும், உடம்பின் வளைவோடு படியாது. புரளும்போது சலசலவென்று சத்தம் வேறு. இலேசாகத் தூங்குபவர்களுக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும், தூக்கம் கலைந்துவிடும். கண்ணாடி மணி மெல்லிய மணலைப் போல வழிந்து படியும். இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் கண்ணாடியை எடுக்கலாம். தானியம், விதை நிரப்பியவற்றைத் தொடாதீர்கள். துவைக்க முடியாது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும்.

நல்ல போர்வையையும் மட்டமான போர்வையையும் பிரித்துக் காட்டுவது, மணிகளை அடைத்து வைக்கும் தையல் கட்டம். 120க்கு 180 அளவில், 7 கிலோ போர்வையில், துணிக்கும் பஞ்சுக்கும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கழித்தால் மணிகளுக்கு 5.8 கிலோ மிஞ்சும். கட்டம் 10 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 216 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 27 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி மணி. கட்டம் 20 சென்டிமீட்டர் ஆனால் 54 கட்டங்கள்தான், ஒவ்வொன்றிலும் நூறு கிராமுக்கு மேல் ஒரு கைப்பிடி மணி. அந்தக் கைப்பிடி முழுவதும் கட்டத்தின் ஒரு மூலையில் போய்க் குவியும். உடம்பில் அங்கங்கே உருண்டை உருண்டையாக அழுத்தும், நடுவில் வெற்றுத் துணி. தயாரிப்பாளருக்குப் பெரிய கட்டம் என்றால் தையல் மிச்சம், அதனால்தான் மலிவான சரக்கில் அது அடிக்கடி தென்படுகிறது. விளம்பரத்தில் கட்டத்தின் அளவைச் சொல்லவில்லையா? படத்தில் குறுக்கே எத்தனை கட்டம் என்று எண்ணி, அகலத்தை அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். 12 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

வெப்பம் பற்றிக் குறை சொல்பவர்கள் மணியைத் திட்டுகிறார்கள். சூட்டைப் பிடித்து வைப்பது மணி இல்லை, மணிக்கு மேலும் கீழும் வைத்திருக்கும் பாலியெஸ்டர் பஞ்சும் மேல்துணியும்தான். மிங்கி என்று சொல்லப்படும் பொசுபொசுத் துணி கடையில் தொடும்போது அருமையாக இருக்கும். அது முழுக்கப் பாலியெஸ்டர், வியர்வையை உறிஞ்சாது. இரவில் வியர்ப்பவர்களுக்கு இறுக்கமாக நெய்த பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து செய்யும் லையோசெல் துணி ஏற்றது. 'குளுகுளு' என்று எழுதிய மூங்கில் துணிகள் பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மூங்கில் கூழை வேதிமுறையில் நூலாக்கியது. தொட்டவுடன் சில்லென்று இருக்கும், அரை மணி நேரம் கழித்து அந்தச் சில்லிப்பு போன இடம் தெரியாது.

உண்மையிலேயே சூடு தாங்காதவர்களுக்குப் பின்னல் வகை இருக்கிறது. விரல் தடிமனுள்ள கயிறு போன்ற துணிக்குழாயைப் பெரிய கண்ணிகளாகப் பின்னியிருப்பார்கள், மணியே கிடையாது, பின்னலின் கனம்தான் எடை. காற்று நன்றாகப் போகும், சிந்துவதற்கு ஒன்றுமில்லை, எடையும் சீராகப் படியும். குறை என்னவென்றால், தூக்கும்போதெல்லாம் தன் எடையாலேயே நீளவாக்கில் இழுபடும், சில மாதங்களில் வடிவம் மாறும். கால் விரல் கண்ணிக்குள் மாட்டுவதும் உண்டு. வீட்டில் பூனை இருந்தால் இந்த வகையை மறந்துவிடுங்கள்.

கழற்றித் துவைக்கும் உறை இல்லாத போர்வையை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உறைக்குள் போர்வையைப் பிடித்து வைக்க நாடாவும் வளையமும் இருக்க வேண்டும், குறைந்தது எட்டு இடத்தில். நான்கு மூலையில் மட்டும் கட்டியிருந்தால் நீளப் பக்கத்தின் நடுப்பகுதி சரியும், சில இரவுகளில் போர்வை முழுவதும் உறையின் அடியில் மூட்டையாகச் சேர்ந்துவிடும். நாடா தைத்திருக்கும் இடத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒற்றைத் தையல் ஏழு கிலோவை எத்தனை நாள் தாங்கும்?

வந்த அன்றைக்கே செய்ய வேண்டிய சோதனை இது. உடல் எடை பார்க்கும் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு போர்வையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம், எழுதியிருக்கும் எடையைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பக் காரணம் உண்டு. அடுத்து, கருப்புத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் போர்வையைப் போட்டு, ஒவ்வொரு வரிசையாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். வெறுமையான கட்டமும், இரண்டு கட்டத்து மணி சேர்ந்துகொண்ட கட்டமும் கைக்கு உடனே தெரியும். பிறகு போர்வையை நான்கைந்து முறை உதறி எடுத்துவிட்டுத் துணியைப் பாருங்கள். சர்க்கரைத் துகள் போல மினுங்கும் ஒன்றிரண்டு மணிகள் கிடந்தால் எங்கோ கசிகிறது. நான்கு தையல்கள் சந்திக்கும் மூலைகளிலும் ஓர மடிப்பிலும் தேடுங்கள், கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சிலருக்கு உண்டு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 2020இல் வெளியான சுவீடன் ஆய்வில் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, பதற்றக் கோளாறு, கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு 6 அல்லது 8 கிலோ சங்கிலிப் போர்வை (மணிக்குப் பதில் உலோகச் சங்கிலி வைத்தது), மறு பிரிவுக்கு 1.5 கிலோ இலேசான போர்வை. நான்கு வாரத்தில் கனமான போர்வைக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மறு பிரிவில் 5.4 சதவீதம் பேருக்குத்தான். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் தன்மேல் கிடப்பது கனமா இலேசா என்று யாருக்கும் தெரியாமல் போகாதே, அந்த எதிர்பார்ப்பும் மதிப்பெண்ணில் கலந்திருக்கும். 2014இல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை. இருந்தும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் கனமான போர்வைதான் பிடித்திருந்தது. 2022இல் சுவீடனின் உப்சாலாவில் 26 இளைஞர்களிடம் உடல் எடையில் 12 சதவீதப் போர்வையைச் சோதித்தபோது, படுக்கும் முன் உமிழ்நீரில் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுமார் 32 சதவீதம் அதிகமாக ஏறியது. தூங்கிய நேரத்தில் மாற்றமில்லை. விற்பனைப் பக்கங்களில் முதல் வரி மட்டும் வரும், இரண்டாவது வரி வராது.

ஆகவே, படுத்ததும் உடம்பு தளராமல் கைகால் துறுதுறுவென்று இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் தூக்கமின்மைக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது அதற்கென்றே உள்ள அறிதல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் தூக்கப் பழக்கங்களையும் மாற்றும் CBT-I). போர்வை அதன் இடத்தைப் பிடிக்காது.

யாருக்கு ஆகாது என்பதில் சமரசம் வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், ஆஸ்துமா போன்ற சுவாசக் கோளாறு உள்ளவர்கள், இரத்த ஓட்டக் குறைபாடோ சர்க்கரையால் கால் உணர்விழப்போ உள்ளவர்கள், தளர்ந்த முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மூடிய இடம் என்றால் பயப்படுபவர்களுக்குப் பதற்றம் குறைவதற்குப் பதில் ஏறும். கைக்குழந்தைக்கு எடை கூட்டிய எதுவும் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சிறுவர்களுக்கான 2,04,000 எடைப் போர்வைகள் திரும்பப் பெறப்பட்டன. உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்த இரண்டு சிறுமிகள் மூச்சுத் திணறி இறந்திருந்தார்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால், பயன்படுத்தாத நேரத்தில் போர்வையை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு சின்னப் பரீட்சை. மல்லாந்து படுத்து, ஒரே கையால் போர்வையை விலக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம். முதல் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தபடி மடியில் 20 நிமிடம், பிறகு இடுப்பு வரை, அதன் பிறகு மார்பு வரை. கழுத்துக்கு மேல் ஏறவே கூடாது. மல்லாந்து தூங்குபவர்களுக்குப் பாதத்தை அழுத்தி விரல்களைக் கீழ்நோக்கி வளைக்கும், காலையில் கணுக்கால் வலிக்கும். பாதத்தை வெளியே விட்டுவிட்டால் தீர்ந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் தோளுக்குக் கீழே நிறுத்திக்கொள்ளட்டும். குப்புறப் படுப்பவர்களுக்கு இடுப்பில் வலி வரலாம், அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு வாரம் கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இன்னும் கனமானதைத் தேடி ஓடாதீர்கள்.

துவைப்பதில்தான் பலர் போர்வையைக் கெடுக்கிறார்கள். இயந்திரத்தில் எழுதியிருக்கும் கொள்ளளவு உலர்ந்த துணிக்கு. 7 கிலோ இயந்திரத்தில் 7 கிலோ எடைப் போர்வையைத் திணித்தால், தண்ணீர் குடித்த பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து டிரம் தடதடவென்று ஆடும், தாங்கி தேயும். நடுவில் சுழல்தண்டு உள்ள இயந்திரம் தையலையே பிய்த்துவிடும். உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால், உள்போர்வைக்கு ஆண்டில் ஒன்றிரண்டு முறை போதும். அதையும் தொட்டியில் மிதமான சோப்பு நீரில் அமுக்கி அலசுவது நல்லது. கொடியில் போடாதீர்கள், மணி எல்லாம் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் இறங்கித் தையலை இழுக்கும். கட்டில் சட்டத்திலோ வலையிலோ தட்டையாக விரித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, முழுதாகக் காயும்வரை விட வேண்டும். மேல்துணி காய்ந்ததை நம்பி மடித்து வைத்தால் உள்ளே பஞ்சில் தங்கிய ஈரம் ஒரு வாரத்தில் நாற்றமடிக்கும். பிளீச், இஸ்திரி இரண்டும் கூடாது.

கசிவு கண்டால் தள்ளிப்போடாமல் அந்தக் கட்டத்தை மட்டும் இரட்டை நூலால் நெருக்கமாகத் தைத்து மூடிவிடுங்கள். ஒரு கட்டம் காலியாவது பெரிதில்லை, அதன் வழியாகத் தையல் பிரிந்து பக்கத்துக் கட்டங்களும் திறந்துகொள்வதுதான் சிக்கல். வழவழப்பான தரையில் சிந்திய கண்ணாடி மணி பால் பேரிங் மாதிரி, வெறுங்காலோடு போனால் வழுக்கும். துடைப்பத்தால் கூட்டினால் உருண்டு ஓடும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கடைசியாகக் கேட்க வேண்டியது: பயன்படுத்திப் பார்த்த போர்வையைத் திரும்ப எடுப்பீர்களா, அனுப்பும் செலவு யாருடையது? ஏழெட்டுக் கிலோப் பொதியைத் திருப்பி அனுப்பும் கட்டணம் சில சமயம் போர்வை விலையில் கணிசமான பங்கு ஆகிவிடும். திருப்பும் கெடு முடியும்வரை வந்த பெட்டியையும் பையையும் கிழிக்காமல் வைத்திருங்கள், இந்தக் கனத்தை வேறு எந்தப் பெட்டியும் லேசில் தாங்காது.