அ-வில் தொடங்குவதா, ட-வில் தொடங்குவதா?

பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். நாலரை வயது மகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர உட்கார்ந்ததும் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "ஆனா ஆவன்னாவுல இருந்துதாம்மா தொடங்கணும்" என்றார் அத்தை. "வேண்டாம் அத்தை, கைக்கு எளிதா இருக்கிற ட, ப, ம-வுல தொடங்கலாம்" என்றேன் நான். முதல் ஆறு வாரம் அவர் வழி, அடுத்த ஆறு வாரம் என் வழி.

அகரவரிசையின் பலம் அதன் ஓசை. 12 உயிரெழுத்தும் பத்தே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. க, கா, கி, கீ என்று உயிர்மெய்யும் அதே ராகத்தில் ஏறிவிடும்; பின்னால் அகராதி புரட்டவும் இந்த வரிசை வேண்டும். ஆனால் ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. ஆனா, ஈனா எல்லாம் எழுத்தின் பெயர்கள். "இலை" என்ற சொல்லைக் காட்டினால் மகள் "ஈனா... லை" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை, நாங்கள் பழக்கியது அதைத்தான். கைக்கும் இது கஷ்டம். முதல் எழுத்தான அ-விலேயே சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் வந்துவிடுகின்றன. இ-யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அட்டையில் உ-வுக்குப் போட்டிருக்கும் உரலை அடுக்குமாடியில் வளரும் பிள்ளை எங்கே பார்த்திருக்கும்?

ட-வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த முனையை மேலே இழுத்தால் ப. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். ர சேர்ந்தால் மரம்.

நான் இந்த வழியை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் படம், பட்டம் என்ற அந்த ஜோடிதான். ஒரே ட, முதல் சொல்லில் மெலிந்தும் அடுத்ததில் அழுத்தமாகவும் ஒலிக்கிறது. கன்னடத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடம் என்பதால், பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு "ஒரே எழுத்துக்கு எதுக்கும்மா ரெண்டு சத்தம்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். எழுத்து அட்டையில் அதற்குப் பதில் இல்லை. சொற்களாகக் கற்றால், இரட்டித்தால் அழுத்தம், தனியாக நடுவில் வந்தால் மென்மை என்று காதே பிடித்துக்கொள்கிறது.

என் வழியிலும் குறை உண்டு. கடையில் கிடைக்கிற புத்தகங்கள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் இருக்கின்றன. சொற்களை நாமே எழுதித் தர வேண்டும். உயிரெழுத்துகள் பின்னால் போய்விடுவதால் "அம்மா" எழுத வழியில்லை. இரண்டாவது வாரமே அவள் அதைக் கேட்டாள். வரிசையை ஒதுக்கிவிட்டு அன்றே அ சொல்லிக்கொடுத்தேன். அதை மறுத்திருந்தால் என்னையே மன்னித்திருக்க மாட்டேன். ஒற்றைக்கொம்பு தொல்லை இரண்டு வழியிலும் உண்டு: "கெ"-யில் க-வுக்கு முன்னால் கொம்பு நிற்கிறது. கன்னடத்தில் எந்தக் குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் வருவதில்லை.

எழுதுவதற்குச் சிலேட்டும் பல்பமும்தான் என் தேர்வு. உடைந்த சிறு பல்பத்தை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்துவிடும். புள்ளியை இணைக்கும் நோட்டில் மகள் ட-வை வலமிருந்து இடமாக இழுத்தாள். முடிந்தபின் பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது, கை மட்டும் தப்பாகப் பழகிக்கொண்டிருந்தது. டேப்லெட்டின் வழவழப்பில் விரல் வழுக்குகிறது. இரட்டைக்கோடு நோட்டுக்கு இன்னும் ஆறு மாதம் போகட்டும்.

இப்போது காலையில் சிலேட்டு என்னோடு. இரவில் ராகம் அத்தையோடு. ஆனா, ஈனா இல்லாமல் அ, ஆ, இ, ஈ என்று ஒலியாகவே சொல்கிறார். இந்த வாரம் க: கடை, பகல், தங்கம். ழ எழுத அவசரமில்லை. ஆனால் "பழம்" அவள் வாயில் "பளம்" ஆகாமல் இப்போதே கவனிக்கிறேன். இன்றைய கன்னடத்தில் அந்த எழுத்து வழக்கில் இல்லை. வீட்டை விட்டால் அவளுக்கு அந்த ஒலி காதில் விழ வேறு இடமில்லை.