ஹெபா என்று சொல்லி விற்கப்படும் வெள்ளைப் பெட்டி: வீட்டுப் பட்டறை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் வீட்டுக் கொட்டகையில் மரவேலை செய்பவர்களைத் தேடிப் பிடித்து, "பட்டறைக் காற்றுச் சுத்திகரிப்பான்" என்ற பெயரில் கூரையில் தொங்கவிடும் ஒரு வெள்ளைப் பெட்டியை விற்று வருகிறார்கள். அதை 78,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாற்றப்பட்டவன் என்ற முறையில், அந்தப் பெட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதையும், இதுபோன்ற ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் எவற்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வாங்குவதற்கு முன்னரே நான் வட்ஸ்அப்பில் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருந்தேன். நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றை இழுக்கும், எவ்வளவு நுண்ணிய தூளைப் பிடிக்கும், மாற்று வடிகட்டி உள்ளூரில் கிடைக்குமா என்பவையே அவை. நிமிடத்துக்கு 1000 கன அடி, அசல் ஹெபா வடிகட்டி (மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் உயர்தர வடிகட்டி), மாற்று வடிகட்டி எப்போதும் கையிருப்பில் உண்டு என்று மூன்றுக்கும் எழுத்திலேயே பதில் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்து பொருத்திய நாளில் விற்பனையாளர் இன்னொன்றையும் சொன்னார்: "அண்ணை, இது ஓடினா மாஸ்க்கும் தேவையில்லை, தூசி உறிஞ்சிற மெசினும் தேவையில்லை."

அவர் சொன்ன பொய்களில் உடலுக்குக் கேடு செய்யக்கூடியது இந்தக் கடைசிப் பொய்தான். எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கூரையில் தொங்கும் வடிகட்டி, வாளிலிருந்தும் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரிலிருந்தும் தப்பிக் காற்றில் கலந்த தூளை மட்டுமே பிடிக்க முடியும். அந்தத் தூள் பெட்டியைச் சென்றடைவதற்கு முன்னர் வேலை செய்பவரின் மூக்கைக் கடந்துதான் போகும். பத்து மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள், அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து சில நிமிடங்களில் தரையில் படிந்துவிடும். ஒரு மைக்ரோன் அளவுள்ளதோ பல மணி நேரம் மிதந்துகொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை, குறிப்பாக மூக்கு அறைப் புற்றுநோயை, உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்கும் முதிரையின் தூள் தோலில் தடிப்பையும் அரிப்பையும் ஏற்படுத்தும் என்பதைப் பழைய தச்சர்கள் எல்லோரும் அறிவார்கள். என்னுடன் வேலை பழகும் தங்கையின் மகன், விற்பனையாளரின் பேச்சை நம்பி முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு முதிரைப் பலகைக்குச் சாண்டர் பிடித்தான். அன்று மாலை அவன் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டையில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. மறுநாள் முன்கை முழுவதும் தடித்துப்போயிருந்தது.

அதன் பிறகு பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். முன்பக்கத்தில் ஒரு பஞ்சுத் தாள், அதற்குப் பின்னால் கரித்தூள் பூசிய மெல்லிய கறுப்புப் பஞ்சு, அதற்கும் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளைத்தான் ஹெபா என்றார்கள். அதன் அட்டைச் சட்டத்துக்கும் பிளாஸ்டிக் உடலுக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ரப்பர் விளிம்பு எதுவும் இல்லை. வடிகட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்க, அந்த இடைவெளியின் ஓரமாக மட்டும் மஞ்சள் தூள் கோடு போட்டதுபோலப் படிந்திருந்தது. வடிகட்டிக்குப் பின்னால், சுத்தமான காற்று மட்டுமே வரவேண்டிய இடத்தில் சுழலும் விசிறியின் இதழ்களிலும் அதே முதிரைத் தூள் தடிப்பாக அப்பியிருந்தது. காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே தேடும்; ஆகவே இறுக்கமாகப் பொருந்தாத வடிகட்டி, 0.3 மைக்ரோன் துகள்களில் நூற்றுக்கு 99.97ஐப் பிடிக்கும் உண்மையான ஹெபாவாகவே இருந்தாலும் பயன் இல்லை.

வாயுசீராக்கி திருத்தும் நண்பர் ஒருவர் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். காற்று வெளியேறும் வாய் 12 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது அரைச் சதுர அடி. வேகம் செக்கனுக்கு 1.2 மீற்றர் அளவில் இருந்தது. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 கன அடி. என் கொட்டகை 20 அடி நீளமும் 12 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்டது; 2160 கன அடி. மரவேலை அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஆறு முதல் பத்துத் தடவை வடிகட்டியைக் கடக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எட்டுத் தடவை என்று வைத்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 கன அடி வேண்டும். சொல்லப்பட்ட 1000 எங்கே, கிடைத்த 120 எங்கே? வடிகட்டி இல்லாத வெறும் விசிறியின் அளவைப் பெட்டியின் அளவாகச் சொல்வதும் நடக்கும் என்றார் நண்பர். எனவே காற்றோட்டத்தின் அளவைக் கேட்கும்போது, அது வடிகட்டி பொருத்திய நிலையில் எடுத்த அளவா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

பெட்டியில் நீல விளக்கோடு, காற்றுத் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றும் ஓர் அயனாக்கியும் இருந்தது. அதை இயக்கியதும் போட்டோப் பிரதி இயந்திரத்தின் அருகில் வருவதுபோன்ற ஒரு நெடி எழுந்தது. விற்பனையாளர் அதைப் "புத்துணர்வு வாசனை" என்றார். அது ஓசோன், நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. கரிப் பஞ்சாலும் தூளுக்குப் பயன் இல்லை. அது மணத்தையும் ஆவியையும் ஓரளவு ஈர்க்குமே தவிரத் தூளைப் பிடிப்பதற்கானது அல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முத்திரையைக் கிழித்துத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். வடிகட்டியை மாற்றுவதற்கே அந்த முத்திரையைக் கிழித்தாக வேண்டும் என்று காட்டியதற்குப் பதில் இல்லை. மாற்று வடிகட்டியும் அவர்களிடம் இல்லை. அதன் அளவு வேறெந்த வடிகட்டிக்கும் பொருந்தவில்லை.

வாங்க இருப்பவர்கள் முதலில் தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சும் இயந்திரத்துக்குச் செலவிடுங்கள். சாண்டருக்கும் வாளுக்கும் குழாய் பொருத்துங்கள். கூரை வடிகட்டி அதற்குப் பிறகுதான். வெளி வடிகட்டி 5 மைக்ரோன், உள் வடிகட்டி 1 மைக்ரோன் என்று இரண்டு அடுக்குகள் உள்ளதாகவும், வடிகட்டி பொதுவான அளவில் கிடைக்கக்கூடியதாகவும், சட்டத்தைச் சுற்றி ரப்பர் விளிம்பு உள்ளதாகவும் பாருங்கள். "ஹெபா வகை" என்பது தரம் அல்ல. வடிகட்டும் திறனைக் காட்டும் மெர்வ் 13 போன்ற தர எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பாவித்த அமெரிக்க இயந்திரங்களை மலிவாகத் தருவோரும் உண்டு. அவை 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது; நமது 50 ஹேர்ட்ஸில் அவற்றின் தூண்டல் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், சூடும் ஏறும்.

கைக்கு எட்டிய விலையில் நல்லது கிடைக்காவிட்டால், சுவரில் ஒரு வெளியேற்று விசிறி வைப்பதே மேல். மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கச் சுவரில் வைத்த விசிறி காற்றோடு மல்லுக்கட்டித் தூளை உள்ளேயே திருப்பிவிடும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் கிழக்குச் சுவருக்கு அதே நிலை. இரண்டு பக்கமும் திறப்பு வைத்து விசிறியை மாற்றிப் பொருத்தும்படி செய்துகொண்டால் ஆண்டு முழுவதும் உதவும். எந்த ஏற்பாட்டிலும் நுண்தூளைத் தடுக்கும் என்95 முகக்கவசத்தை மட்டும் கழற்ற வேண்டாம்.

இதே பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் முத்திரையைக் கிழிக்காமலேயே சோதிக்கலாம்: மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, காற்று வெளியேறும் பக்கத்து வலையினூடாகக் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து விசிறி இதழ்களைப் பாருங்கள். தூள் அப்பியிருந்தால் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடும் விற்றவர் அனுப்பிய செய்திகளோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு உடனே எழுத்தில் அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். தவறான தகவல் தந்து பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. நான் அனுப்பிய முறைப்பாட்டின் பிரதியை முன்மாதிரியாகக் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.