டிவியில் வைஃபை வரவில்லையா? போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஸ்மார்ட் டிவி வைஃபையில் சேரவில்லை என்று ஆள் கூப்பிடப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். மெயின் போர்டு போய்விட்டது என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கினார்கள். போர்டு போகவும் இல்லை, அதை அவர்கள் மாற்றவும் இல்லை.

வீட்டில் பழைய ரௌட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருந்தோம். போன், லேப்டாப் எல்லாம் உடனே சேர்ந்துகொண்டன. டிவி மட்டும் சேரவில்லை. ரௌட்டரின் பெயர் பட்டியலில் தெரியும். பாஸ்வேர்டு கொடுத்தால் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். இணையத்தில் தேடியதும் மேலே வந்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசினோம். மாடல், சீரியல் எண் கேட்டார்கள். டிவி செட்டிங்ஸில் அந்த விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கடைசியில் கைகொடுத்தது அந்தப் போட்டோதான்.

வந்தவர் ரௌட்டர் பக்கமே போகவில்லை. "ரௌட்டர் மாத்துனதுல இருந்துதாங்க இப்படி" என்று என் மனைவி சொன்னதற்கு, "போன்ல நெட் வருதுல்லம்மா, அப்ப ரௌட்டர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு டிவியிலதான்" என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. போனுக்குப் புரிகிற எல்லாமே டிவிக்குப் புரியும் என்று கிடையாது. பல டிவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் அதன் பெயரே அவற்றில் வராது. டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை 2018இல்தான் அறிமுகமானது. புது ரௌட்டரில் அது மட்டும் போடப்பட்டிருந்தால், போன் சேரும், பழைய டிவி சேராது. இரண்டிலும் பழுது இருக்காது. எங்கள் வீட்டில் நடந்தது இதுவேதான்.

அவர் பின்மூடியைக் கழற்றினார். "வைஃபை தனியா இல்ல சார், இந்த போர்டுலயே வருது. முழுசாத்தான் மாத்தணும்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போர்டை எடுத்துப் போனார். திரும்ப வந்து மாட்டி, மீதியையும் வாங்கிக்கொண்டார். அப்போதும் இணையவில்லை. "கொஞ்ச நேரம் ஓடட்டும், தானா வரும்" என்றார். மறுபடி போன் செய்தபோது, டிவி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்த என் தங்கை மகன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். டிவி சட்டென்று சேர்ந்துகொண்டது. பிறகு ரௌட்டர் செட்டிங்ஸில் டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்ததை, அதற்கு முந்தைய முறையான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் என்று மாற்றினான். வீட்டு வைஃபையும் வந்துவிட்டது. அடுத்து, நான் முன்பு எடுத்த போட்டோவையும் டிவியில் இப்போது தெரிகிற விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மேக் முகவரி என்று ஒரு நீளமான எண் இருக்கும். ஒவ்வொரு வைஃபை பாகத்துக்கும் தயாரிக்கும்போதே தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. வைஃபை உள்ள போர்டையே மாற்றியிருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எங்கள் போர்டையே கொண்டுபோய்க் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்! பணம் போனதைவிட, பெரியவர்கள் தனியாக இருக்கும் எத்தனை வீடுகளில் இதையே செய்கிறார்களோ என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் யாரும் மூடியைத் தொடுவதற்கு முன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள். போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். டிவி அதில் சேர்ந்தால் டிவியின் வைஃபை நன்றாகவே இருக்கிறது. ரௌட்டர் செட்டிங்ஸைத்தான் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா, பாதுகாப்பு முறை என்ன, வைஃபை சேனல் (அந்த அலைவரிசைக்குள் ரௌட்டர் பயன்படுத்தும் பிரிவின் எண்) எது என்று பாருங்கள். 12, 13 ஆகிய சேனல்களைச் சில டிவிகள் பிடிக்காது. 1, 6, 11இல் ஒன்று போதும். வைஃபை சேர்ந்தும் ஆப் எதுவும் திறக்கவில்லை என்றால் டிவியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால், இணையச் சேவைகள் தாங்கள் உண்மையானவை என்று காட்ட அனுப்பும் பாதுகாப்புச் சான்றிதழ்களை டிவி ஏற்காது.

வைஃபை பாகம் நிஜமாகவே போயிருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் வைத்த போனின் ஹாட்ஸ்பாட் பெயர்கூடத் தெரியாது; வைஃபை மெனு மங்கிக் கிடக்கும்; மேக் முகவரி காலியாகவோ எல்லாம் பூஜ்யமாகவோ இருக்கும். அப்போதும் பல மாடல்களில் வைஃபை ஒரு சின்னத் தனி போர்டுதான், அதை மட்டும் மாற்றலாம். லேன் கேபிள் செருகியோ, எச்டிஎம்ஐயில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டியோ டிவியைத் திறக்காமலே இணையம் பார்க்கவும் வழி இருக்கிறது.

சர்வீஸ் எண்ணை டிவியோடு வந்த கையேட்டிலிருந்தோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். போனில் திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். போர்டை வெளியே கொடுக்க வேண்டிவந்தால் டிவியில் உள்ள கணக்குகளிலிருந்து முதலில் வெளியேறுங்கள், போர்டின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள்.

டிவி நிறுவனத்திடம் இரண்டு போட்டோக்களோடும் புகார் கொடுத்தேன். வந்தவர் தங்கள் ஆளே இல்லை என்று எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள். அந்தப் பதிலை வைத்து வங்கியிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீது, அழைப்புப் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள்.