உவர்மலைத் தொடர்மாடியில் ஆறு வருடம்: உப்பு, தண்ணீர், ஒரு சி.ஆர். கொப்பி

திருகோணமலையில், உவர்மலைச் சரிவில் இருக்கும் இந்தத் தொடர்மாடிக்கு நாங்கள் குடிவந்தது 2019 கடைசியில். நான்கு மாடி, 22 வீடு, ஒரு லிப்ட். வீடு பார்க்க வந்த அன்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் உள்துறைமுகத்தைக் காட்டினார்கள். மோட்டர் அறையைக் காட்டவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. கிணறும் வளவுமாக வாழ்ந்து பழகியவர்களுக்குப் படிக்கட்டு பல்ப் எரிந்துபோனால் யார் மாற்றுவது என்ற கேள்வியே புதிது.

தொடர்மாடியில் வீடு எடுக்க யோசிக்கும் இரண்டு மூன்று பேர் என்னிடம் விசாரித்ததால் இதை எழுதுகிறேன். வீட்டைப் பற்றி அல்ல, அதை நடத்துகிற ஆட்களைப் பற்றி.

ஆட்கள் அதிகமில்லை. கேர்டேக்கர் ஐயா ஒருவர், முன்பு துறைமுகப் பக்கம் ஏதோ வேலை பார்த்தவர். காவலுக்கு இரண்டு பேர், பகலும் இரவும் மாறி மாறி. காலையில் கூட்டித் துடைக்க ஓர் அக்கா. மின்சார வேலைக்கு நிரந்தரமாக யாரும் இல்லை. ஜமாலியாவில் இருந்து ஒரு நானா கூப்பிட்டால் வருவார். இரவுக் காவலாளிக்குச் சிங்களம்தான் சரளம், ஐயாவுக்குத் தமிழ்தான். மோட்டர், லிப்ட், தண்ணீர் என்ற மூன்று விஷயத்தில் இருவருக்கும் மொழிப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை.

ஐயாவின் மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, இருக்கும். மோட்டர் போட்ட நேரம், நிறுத்திய நேரம், தாங்கி மட்டம், யார் வீட்டில் என்ன முறைப்பாடு, எல்லாம் அதில்தான். முதல் வருடம் அதைப் பார்த்துச் சிரித்தேன். எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே என் குழாய் ஒழுக்கு இரண்டு தடவை காணாமல்போன பிறகு, நானும் கீழே போய்க் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அன்று பின்னேரமே வாஷர் மாறியது.

இந்த ஊரில் கட்டடப் பராமரிப்பு என்றால் முக்கால்வாசி உப்போடு மல்லுக்கட்டுவதுதான். கொழும்பில் தொடர்மாடியில் இருக்கும் என் மச்சானுக்கு இது முழுதாக விளங்காது என்று நினைக்கிறேன். கைப்பிடிக் கம்பிக்கு வருடத்துக்கு ஒரு பூச்சு போதும் என்று உரிமையாளர் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கடல் பார்த்த பக்கத்துக் கம்பி எட்டு மாதத்தில் பொருக்காகிவிட்டது. துரு ஏறிய இரும்பு முன்பிருந்த அளவைவிடப் பல மடங்கு ஊதும். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அப்படி ஊதினால் மேலே இருக்கும் பூச்சை வெடிக்கவைத்துக்கொண்டுதான் வெளியே வரும். எங்கள் மூன்றாம் மாடி பல்கனியின் அடிப்பக்கம் அப்படித்தான் ஒரு தட்டளவு கழன்று விழுந்தது. நல்ல காலம், கீழே நின்றது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும்.

அதன் பிறகு ஐயா தன்பாட்டில் ஒரு வேலை தொடங்கினார். மாதத்தில் ஒரு நாள் சின்னச் சுத்தியலோடு பல்கனிப் பக்கமெல்லாம் தட்டிப் பார்ப்பார். "கல்லுச் சத்தம் கேட்டால் பயமில்லை தம்பி, பானைச் சத்தம் கேட்டால்தான் உள்ளுக்கை விட்டுப்போச்சு." சத்தம் மாறிய இடத்தில் சோக்கால் வட்டம் போட்டுவிட்டுப் போவார். யாரும் சொல்லிக்கொடுத்த வேலை அல்ல. சம்பளத்தில் அதற்கென்று ஒரு சதமும் கூடவில்லை.

தண்ணீர் அடுத்தது. குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அது கீழ்த் தாங்கியில் விழுந்து, மோட்டர் ஏற்றினால்தான் மேலே போகும். வைகாசி தொடங்கிக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் அழுத்தம் குறைந்துவிடும். இரவில்தான் நிரம்பும். ஆகவே இரவுக் காவலாளியின் உண்மையான வேலை கள்ளனைப் பிடிப்பது அல்ல, தண்ணீரைப் பிடிப்பது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததே, அப்போது இந்த வேலையின் அருமை தெரிந்தது. மின்வெட்டுப் பட்டியலில் எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு என்று காவலாளி பேப்பரில் எழுதி லிப்ட் வாசலில் ஒட்டுவார், மூன்று மொழியிலும். மின்சாரம் வரும் நேரமும் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் ஒத்துவராது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நிரப்பு நிலையத்தில் கலனோடு வரிசையில் நின்றாலும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இருந்த கொஞ்ச டீசலை லிப்டுக்கு எரிப்பதா மோட்டருக்கு எரிப்பதா என்று கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் கதைத்தோம். ஐயா கடைசியாக வாய் திறந்தார்: "படி ஏறலாம். தண்ணியை வாளியில் ஏத்தினால்தான் தெரியும்." மோட்டருக்கே என்று முடிந்தது. நான்காம் மாடியில் இருக்கும் வயதான ரீச்சருக்கு அரிசிப் பையையும் காஸ் சிலிண்டரையும் பகல் காவலாளி தோளில் தூக்கிப்போனார்.

லிப்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஓடும்போது நல்லது. பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். ஒரு தடவை ஒரு பாகத்துக்காக 11 நாள் காத்திருந்தோம். தரிப்பிடச் சண்டையும் எல்லா இடத்தையும் போலத்தான்.

மழைக்காலத்தில் அவர்கள் வேலை செய்யும் விதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி பிறந்ததும் பீலியில் இருக்கும் வேப்பஞ்சருகை அள்ளிவிடுவார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது, பயந்த அளவுக்கு எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று பகல் முழுக்க அவர்கள் மொட்டைமாடியில் இருந்த பூச்சாடி, உடைந்த கதிரை, யாருடையது என்றே தெரியாத தகரம் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கியதை மறுவாரம் திரும்ப மேலே கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள்.

நுளம்புக்கு அக்காதான் எமன். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வர ஏழு, பத்து நாள் போதும். அதனால் ஞாயிறு தவறாமல் ஏசித் தட்டு, பூச்சாடித் தட்டு, லிப்ட் குழி எல்லாம் பார்ப்பார். ஒருநாள் என் வீட்டு பல்கனியில் கவிழ்க்காமல் கிடந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டி, "இது யாற்ர?" என்று கேட்டார். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

குப்பைக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊர் மான்கள் தெருவில் நடமாடுவது எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், எங்களுக்கு அவை குப்பைப் பையைக் கிழிக்கிற கூட்டம். பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும். பாவம். அக்கா பழைய டயர் டியூபை வெட்டி எல்லா வாளி மூடியையும் இழுத்துக் கட்டினார். அதோடு சரி, மான்கள் பக்கத்து வளவுக்குப் போய்விட்டன. பக்கத்து வளவுக்காரர் இப்போது எங்களோடு அவ்வளவு கதைப்பதில்லை.

இனிக் குறை. அது ஆட்களிடம் இல்லை, எங்களிடம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொடர்மாடியின் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பொது இடம் முழுக்க அவர்கள் பொறுப்பு. எங்கள் கூட்டத்துக்கு 22 வீட்டில் எட்டுப் பேர் வந்தால் அதிகம். சில உரிமையாளர்கள் கனடாவிலும் லண்டனிலும். மாதக் கட்டணம் நாங்கள் வந்தபோது 4,000 ரூபா, இப்போது 8,500. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியபோது பொது மீட்டர் பில்லுக்கே பாதிப் பணம் போனது. கட்டணத்தைக் கூட்டுவோம் என்றால் சண்டை. கூட்டாவிட்டால் முதலில் வெட்டுவது பெயின்ட் செலவை. ஐயாவுக்கு ஒரு வால்வு வாங்கக்கூட மூன்று பேரின் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் கனடாவில், ஸ்காபரோவில்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் மோட்டர் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா பாருங்கள், கேர்டேக்கர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். கொப்பி இருந்தால் இரண்டு பக்கம் புரட்டுங்கள்.

நேற்று எங்கள் கொப்பியைப் புரட்டினேன். "மேல் தாங்கி ஏணி, மூன்றாம் படி துரு. மிதிக்க வேண்டாம். கூட்டத்துக்குச் சொல்லியாச்சு" என்று ஐயா எழுதித் திகதி போட்டிருந்தார். பின்னால் தள்ளிப் பார்த்தால் அதே வரி இன்னும் இரண்டு இடத்தில், முதலாவது போன வருடத்துத் திகதியோடு.