டிசிசிஏவா, ஹைப்போவா, ப்ளீச்சிங் பவுடரா? போர் தண்ணீர் குளத்துக்கு எது ஒத்துவரும்

பல்லடம் பக்கம் தோட்டத்து வீடு. பின்னால் 20க்கு 10 அடியில், நாலரை அடி ஆழத்தில் ஒரு நீச்சல் குளம், சுமார் 25,000 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஆயிரம் அடி போரில் இருந்து வருவது. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகக் கறை கட்டும். எந்தக் குளோரின் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது "தண்ணி எதுங்க?" என்றுதான், ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதல் வருடம் டிசிசிஏ (TCCA, ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) போட்டேன். கடைக்குப் போனால் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். 90 சதவீதம் குளோரின், டப்பாவில் கிடந்தாலும் கெடாது, 28 கிராம் போட்டால் என் குளத்தில் குளோரின் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறிவிடும். போதாததற்கு அது அமிலத்தன்மை உள்ளது. போர் தண்ணீரில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) சும்மா இருந்தாலே 8க்கு மேல் ஏறிக்கொண்டு போகும், டிசிசிஏ அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பார்த்தால் நம்ம தண்ணீருக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஏப்ரல், மே நன்றாகவே ஓடியது. ஜூன் கடைசியில் தண்ணீர் பச்சை கட்ட ஆரம்பித்தது. தண்ணீர் சோதிக்கும் கிட்டில் சொட்டு விட்டால் குளோரின் 3 என்று காட்டுகிறது, ஆனால் டைல்ஸ் ஓரத்தைத் தடவினால் விரலில் பாசி வழுக்குகிறது. சுத்தம் செய்ய வந்தவர் "இன்னும் ரெண்டு கைப்பிடி போடுங்ணா" என்றார், போட்டேன், இன்னும் பச்சையானது.

விஷயம் என்னவென்றால், டிசிசிஏ கரையும்போது குளோரினோடு சயனூரிக் ஆசிட்டையும் தண்ணீரில் விட்டுவிடுகிறது. 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். தினம் 2 பிபிஎம் போட்டால் மாதம் 36, மூன்று மாதத்தில் நூறைத் தாண்டிவிடும். இது 30 முதல் 50 வரை இருப்பது நல்லதுதான், அது இல்லாவிட்டால் நம்ம வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே குளோரின் பாதிக்குமேல் காணாமல் போகும். ஆனால் நூறைத் தாண்டினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். கிட் அந்தக் கட்டுண்ட குளோரினையும் சேர்த்துத்தான் எண்ணும், அதனால் எண் இருக்கும், வேலை நடக்காது.

சயனூரிக் பார்க்கத் தனி மருந்து வேண்டும். குளத்துத் தண்ணீரோடு கலந்ததும் மோர் மாதிரி கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும், புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. எனக்கு அடியில் இருந்த 100 கோட்டைத் தொடுவதற்குள்ளேயே மறைந்துவிட்டது. அப்புறம் என்ன, வீட்டில் போடும் எந்த மருந்தும் அதைக் குறைக்காது, தண்ணீரை இறக்கத்தான் வேண்டும். ஆயிரம் அடியில் இருந்து ஏற்றிய தண்ணீரில் பாதிக்குமேல், குளோரின் இறங்கும்வரை விட்டுவைத்துத் தென்னைக்குத் திறந்துவிட்டேன். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது ஹைப்போ, அதாவது திரவமாக வரும் சோடியம் ஹைப்போகுளோரைட். சாயப்பட்டறை, ப்ளீச்சிங் பட்டறை உள்ள திருப்பூரில் இது கேன் கேனாகக் கிடைக்கும். 10 சதவீத ஹைப்போ 250 மில்லி ஊற்றினால் எனக்கு 1 பிபிஎம். சயனூரிக் ஏறாது, சுண்ணாம்பும் ஏறாது, கொஞ்சம் உப்பு மட்டும் சேரும். தொல்லை வேறு மாதிரி: வெயில் படும் ஷெட்டில் வைத்தால் கேனுக்குள்ளேயே பலம் குறைந்துகொண்டே வரும், அதனால் மலிவு என்று மூன்று கேன் வாங்கி அடுக்காதீர்கள். டிசிசிஏ போலப் பிஎச்சை இழுத்துப் பிடிக்கவும் செய்யாது, அந்த வேலைக்கு ஆசிட் தனியாக ஊற்ற வேண்டும். இதில் சோம்பல்பட்டால் குளோரின் வாங்கிய காசு வீண். பிஎச் 7.5ல் குளோரினில் பாதி வேலை செய்கிறது என்றால், 8ல் கால்வாசிதான் செய்யும்.

ப்ளீச்சிங் பவுடரும் அதன் பெரியண்ணன் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் என் குளத்துக்கு வேண்டாத விருந்தாளிகள். 10 பிபிஎம் குளோரினுக்குக் கடினத்தன்மை குறைந்தது 7 பிபிஎம் ஏற்றிவிடும். ஏற்கெனவே சுண்ணாம்பாக இருக்கிற தண்ணீரில் அதைப் போட்டால் டைல்ஸில் வெள்ளைப்படை, ஃபில்டர் மணல் கட்டி தட்டும். ஆனால் கோவைக்குள் மச்சான் வீட்டில் சிறுவாணித் தண்ணீர், சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர். கடினத்தன்மை 200க்குக் கீழே கிடந்தால் அது சிமென்ட் பூச்சையே அரிக்கும். அவருக்குக் கால்சியம் ஹைப்போதான் சரி, குளோரினும் ஆச்சு, கால்சியமும் ஆச்சு. சாதாரண ப்ளீச்சிங் பவுடரை மட்டும் அவரும் தொடுவதில்லை, அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டலை யார் வாருவது?

உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டுக் குளோரின் எடுக்கும் உப்பு குளோரினேட்டர் பற்றிக் கேட்பார்கள். 25,000 லிட்டருக்கு 75 முதல் 100 கிலோ உப்பு கொட்ட வேண்டும், போர் தண்ணீரில் தகட்டில் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே இருக்கும், ஃபில்டரைக் கழுவி வெளியேற்றும் பேக்வாஷ் தண்ணீர் வாழைக்குப் போனால் வாழை கருகும். நமக்கு ஆகாது.

நான் இப்போது செய்வது டிசிசிஏ, ஹைப்போ இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது. புதுத் தண்ணீர் விட்டதும் சயனூரிக் 40 வரும்வரை டிசிசிஏ, அதற்குப்பிறகு ஹைப்போ மட்டும். பொழுது சாய்ந்த பிறகு மோட்டாரை ஓடவிட்டு ஹைப்போ, காலையில் ஆசிட். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், டிசிசிஏ அள்ளிய கரண்டியைக் கால்சியம் ஹைப்போ டப்பாவில் விடுவது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மச்சான் என் டப்பாவைக் கடன் கேட்டபோது கரண்டியைக் கொடுக்காமல் டப்பாவை மட்டும் கொடுத்தேன், கருமி என்கிறார் இன்னும்.