ஐவிஐஜியா, ரிட்டுக்ஸிமாபா? கடுமையான டெர்மடோமயோசைடிஸுக்கு இரண்டு வழிகள்

டெர்மடோமயோசைடிஸ் நோயில் உடலின் எதிர்ப்பு அமைப்பே தசையையும் தோலையும் தாக்குகிறது. ஸ்டீராய்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் போதாமல், நாற்காலியிலிருந்து எழவே முடியாத நிலை வந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் ஐவிஐஜி, ரிட்டுக்ஸிமாப் ஆகிய இரண்டில் ஒன்றை நாடுகிறார்கள்.

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம், நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, சில நாட்களாகப் பிரித்துச் சிரை வழியாக ஏற்றுவார்கள். சான்று இதற்கே வலுவானது. 2022இல் வெளியான புரோடெர்ம் ஆய்வில் 95 பேர் பங்கேற்றனர். 16ஆம் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 79 சதவீதத்தினர் முன்னேறினர், போலி மருந்து பெற்றவர்களில் 44 சதவீதத்தினர். நோய் எதிர்ப்பாற்றலை இது அடக்குவதில்லை. தொற்று அச்சம் உள்ளவருக்கு அது பெரிய ஆறுதல். விழுங்கச் சிரமப்படுபவர் முதலில் இதைப் பற்றித்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பேன். ஆனால் ரத்தம் உறையும் அபாயம் உண்டு, தலைவலி சகஜம், விலையோ மூச்சுமுட்ட வைக்கும்.

ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடி உற்பத்திக்கு மூலமான பி செல்களை அழிக்கிறது. வழக்கமாக இரண்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு பல மாத ஓய்வு. 2013இல் வெளியான ரிம் ஆய்வில் 83 சதவீதத்தினர் முன்னேறினார்கள். ஆனாலும் மருந்தை முன்னதாகப் பெற்றவர்களுக்கும் தாமதமாகப் பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியாததால் ஆய்வின் முதன்மை இலக்கு நிறைவேறவில்லை. சொந்த உடலையே குறிவைக்கும் ஜோ-1, மி-2 என்ற ஆன்டிபாடிகள் ரத்தத்தில் உள்ளவர்களிடம் பலன் கூடுதல். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம்.

எம்டிஏ5 என்ற இன்னொரு ஆன்டிபாடியோடு நுரையீரல் வேகமாகக் கெடும் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொன்றாக முயன்று பார்க்க அவகாசமில்லை. பல மருந்துகளைச் சேர்த்தே தொடங்குகிறார்கள்.