உடம்பை விடுங்கள், காலைப் பாருங்கள்

போன செப்டம்பரில், இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வேலியில் ஐவிக் கொடி பூத்திருந்தது. அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு குளவி. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்குக் கதண்டு (கொடுக்கு பலமான பெரிய குளவி) பயம் சாகும்வரை போகாது. செருப்பால் ஒரே அடி. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். அது வெளியிலிருந்து வந்து தொல்லை தரும் ஆசிய ஹார்னெட் என்ற பெருங்குளவி இல்லை, இந்த ஊரின் சொந்தப் பிராணியான ஐரோப்பிய ஹார்னெட்.

ஆசிய வகை 2004-இல் பிரான்சில் தென்பட்டது, 2016-இல் இங்கிலாந்துக்கும் வந்துவிட்டது. தேன்கூட்டு வாசலில் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும். உள்ளூர் வகையும் தேனீ தின்னும்தான், ஆனால் இப்படி வாசலில் காவல் கிடந்து கூட்டையே நொடிக்க வைக்காது.

இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? பலரும் அளவைச் சொல்கிறார்கள். உள்ளூர்காரன்தான் பெரியவன், சரி. ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டவா போகின்றன? வயிற்று நிறம் கொஞ்சம் தேவலாம்: ஐரோப்பியனுக்கு வயிறு பெரும்பாலும் மஞ்சள், மார்பு செம்பழுப்பு. ஆசியனுக்கு உடம்பு கறுப்பு, வயிற்றின் நாலாவது வளையம் மட்டும் ஆரஞ்சு மஞ்சள். ஆனால் பறக்கும்போது எல்லாம் ஒரே கலங்கலாகத்தான் தெரியும்.

என் ஓட்டு காலுக்கு. ஆசியனின் கால் நுனிகள், மஞ்சள் குழைத்த கிண்ணத்தில் முக்கி எடுத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். மேல்பாதி கறுப்பு என்பதால் அந்த மஞ்சள் தனியாக எடுத்துக்காட்டும். அந்தரத்தில் நிற்கும்போது கால்கள் கீழே தொங்குவதால் கேமராவிலும் விழும். ஐரோப்பியனுக்குக் கால் முழுக்கச் செம்பழுப்பு. இருட்டிய பிறகு ஜன்னல் விளக்கில் வந்து முட்டினால் காலைக்கூடப் பார்க்க வேண்டாம். ஆசியன் இரவில் பறப்பதில்லை.

கூட்டை வைத்தும் சொல்லலாம் என்கிறார்கள்: ஆசியனுக்கு வாசல் பக்கவாட்டில், ஐரோப்பியனுக்கு அடியில். நான் இரண்டையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். யாருடைய கூடாக இருந்தாலும் கிட்டே போனால் கொட்டும்.

ஆசியன்தான் என்று தெரிந்தாலும் அடிக்காதீர்கள். ஒன்றைக் கொன்றால் கூடு அப்படியே இருக்கும். படம் எடுத்து 'ஏசியன் ஹார்னெட் வாட்ச்' செயலியில் போட்டால், ஆட்கள் வந்து அதைப் பின்தொடர்ந்து கூட்டையே பிடிப்பார்கள். 2023-இல் மட்டும் 72 கூடுகளை அழித்தார்கள்.

இந்த வருடம் விழுந்து கிடந்த ஆப்பிளில் ஒன்று வாயை வைத்திருந்தது. குனிந்து காலைப் பார்த்தேன். செம்பழுப்பு. செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.